கயிற்றை இழுத்தது யார்

டிரைவர்: ...அதை மட்டும் விட்டுடுங்க மேஸ்திரி. அது உடைஞ்ச கல்லு.

கொத்தனார்: எங்க உடைஞ்சிருக்கு? நாலு மூலையும் நறுக்குனு இருக்கு.

டிரைவர்: அப்ப வேகாத கல்லு. கொடுங்க, திரும்ப எடுத்துட்டுப் போயிடறேன்.

கொத்தனார்: சுண்டினா கணீர்னு கேக்குது, வேகாத கல்லாம். செங்கல்லைப் பத்தி கொத்தனாருக்கே லாரி டிரைவர் பாடம் எடுக்கிற காலம் வந்துடுச்சு. தம்பி, வந்ததுலேர்ந்து உன் முழியே சரியில்ல. இதுல என்ன இருக்கு?

டிரைவர்: செங்கல்லுல என்ன இருக்கும்... மண்ணுதான்.

கொத்தனார்: இப்படித் திருப்பிக் காட்டினா?

டிரைவர்: ...ஏதோ கீறல். பச்சைக் கல்லைக் காயப் போட்டிருப்பாங்க. மேல கோழி ஓடியிருக்கும்.

கொத்தனார்: கோழி.

டிரைவர்: ஆமா. ஈரத்துல ஓடினா கால் பதியும்ல. அப்படியே சூளையில வெந்து...

கொத்தனார்: உங்க சூளைக் கோழி கேள்விக்குறியெல்லாம் போடுமா? கொக்கி போட்டு, கீழ புள்ளி வச்சு, எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு. எங்க வீட்டுக் கோழிக்கு முட்டை போட மட்டும்தான் தெரியும்.

டிரைவர்: கொஞ்சம் மெதுவா பேசுங்க மேஸ்திரி.

கொத்தனார்: ஏன், கோழி கோவிச்சுக்குமா?

டிரைவர்: அதில்ல... எனக்கு என்ன தெரியும்? நான் எழுதப் படிக்கத் தெரியாத ஆளு. லோடு ஏத்தினா ஓட்டுவேன், இறக்கினா போயிடுவேன்.

கொத்தனார்: படிக்கத் தெரியாதா?

டிரைவர்: சத்தியமா.

கொத்தனார்: அப்ப நான் வேணும்னே தலைகீழா நீட்டின கல்லை, நீ ஏன் நேரா திருப்பிப் பிடிச்சே? கை தானா திருப்பிடுச்சு, இல்ல? எழுத்து தெரிஞ்ச கையால தலைகீழ் எழுத்தைப் பார்த்துட்டு இருக்க முடியாது. சரி, இப்ப படி. என் கண்ணாடி வீட்டுல.

டிரைவர்: ..."அடி இல்லாத கிணற்றில் தண்ணீர் எப்படி நிற்கும்?"

கொத்தனார்: பார்த்தியா. நியாயமான கேள்வி. அடி இல்லாத குடத்துல தண்ணி நிக்குமா? நிக்காதே. அப்ப கிணத்துல மட்டும் எப்படி நிக்கும்? இது எனக்குத் தோணவே இல்ல பாரு.

டிரைவர்: உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி தோணணும்?

கொத்தனார்: வா இந்தப் பக்கம். சிமென்ட் மூட்டைக்குப் பின்னாடி. இந்தச் சாக்கை நகர்த்து.

டிரைவர்: ...எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கீங்களா?

கொத்தனார்: ஒண்ணைத் தவிர. எழுத்துன்னு கவனிக்கறதுக்குள்ள கலவையில அழுத்திட்டேன், அது செவுத்துக்குள்ள போயிடுச்சு. அதுல என்ன எழுதியிருந்துச்சோ, இடிச்சுப் பார்க்கலாமான்னுகூட நினைச்சேன். ஒவ்வொரு லோடும் வந்ததும் கல்லு கல்லா புரட்டறேன். சித்தாளுங்க வாயைப் பொத்திச் சிரிக்குது. முதலாளி வந்து, என்ன மேஸ்திரி, செங்கல்லுக்கு ஜாதகம் பார்க்கறியாங்கறாரு. நான் என்ன செய்ய? கதை பாதியில நிக்குது.

டிரைவர்: எந்தக் கதை?

கொத்தனார்: அதான் உனக்கே தெரியுமே. இந்த மாதிரி கல்லு எப்பவும் மேல் வரிசையிலயேதான் வருது. அடுக்கறது யாரு, கோழியா? ஓர் ஊர்ல ஒரு கிணறு. அதுக்கு அடியே கிடையாதுன்னு ஊரே சொல்லுது. யாரும் அதுல தண்ணி எடுக்கறதில்ல. ஒருத்தி மட்டும் பார்த்துடலாம்னு வாளியை விடறா. கயிறு பத்தலை. இன்னொரு கயித்தை முடிஞ்சு விடறா. அதுவும் பத்தலை. புடவையைக் கிழிச்சு முடியறா. அப்புறம் இந்தக் கல்லு... படி.

டிரைவர்: "அப்போது கீழே இருந்து யாரோ கயிற்றை இழுத்தார்கள்."

கொத்தனார்: இதைப் படிச்சப்ப ஏணி மேல நின்னுட்டு இருந்தேன், இறங்கிட்டேன். சரி, யாரு இழுத்தான்னு அடுத்த லோடைப் பார்த்தா, "கயிற்றை இழுத்தது யார்?" அதுக்கு அடுத்த லோடு, "கயிற்றை இழுத்தது யார்?" இப்ப மூணாவதா தண்ணி எப்படி நிக்கும்னு வேற. யாருப்பா இது?

டிரைவர்: ...சூளையில ஒரு பொண்ணு.

கொத்தனார்: எத்தனை வயசுப் பொண்ணு?

டிரைவர்: சின்னப் பொண்ணுதான். அஞ்சாவது படிச்சிட்டு இருந்தா. பெரியவங்க அச்சு போட்டு வைப்பாங்க, சின்னதுங்க காயற கல்லைத் திருப்பிப் போடும். இவ திருப்பும்போது முள்ளால எழுதிடறா. செவுத்துல படுக்க வைக்கிற பக்கத்துலதான் எழுதுவா. அந்தப் பக்கம் எப்படியும் கலவைக்குள்ள மறைஞ்சிடும், கல்லும் கெடாதுன்னு.

கொத்தனார்: விவரம்தான். அப்ப கதை அவளே கட்டினதா?

டிரைவர்: இல்ல, பள்ளிக்கூடப் புத்தகத்துல வர்ற கதை.

கொத்தனார்: பள்ளிக்கூடப் புத்தகத்துல வர்ற கதைக்கு முடிவு என்னன்னு எங்கிட்டயா கேக்கணும்? அடுத்த பக்கத்தைத் திருப்பினா தெரிஞ்சிடுமே.

டிரைவர்: அடுத்த பக்கம்தான் இல்ல. புத்தகம் ரெண்டு பாகம் மேஸ்திரி. பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் புத்தகம் கொடுப்பாங்க. அரை வருஷப் பரீட்சை முடிஞ்சு ரெண்டாவது. அதுக்குள்ள ஊர்ல வயல் வேலை முடிஞ்சிரும். அப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றது? வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் சூளைக்கு வந்துடுவாங்க.

கொத்தனார்: பிள்ளையை மட்டும் யார்கிட்டயாவது விட்டுட்டு வரக்கூடாதா?

டிரைவர்: யார்கிட்ட விடறது? தெருவே காலி. அப்படியே விட்டாலும் கல்லு திருப்ப ஒரு கை குறையும். அந்தக் கை குறைஞ்சா அடுப்புல அன்னைக்கு அவ்வளவு குறையும்.

கொத்தனார்: ம்... திரும்பிப் போனதும்?

டிரைவர்: அதுக்குள்ள வருஷமே முடிஞ்சிருக்கும். பரீட்சை எழுதலையே, மறுபடி அஞ்சாவதுலயே உக்காருன்னுட்டாங்க. மறுபடி முதல் புத்தகம். மறுபடி அதே கிணறு. வாளியை விட்டாளோ இல்லையோ, மறுபடி வீட்டைப் பூட்டியாச்சு.

கொத்தனார்: ...ரெண்டு தடவையும் அதே எடத்துலயா?

டிரைவர்: அதே எடம். புத்தகத்தோட கடைசிப் பக்கம். கீழேர்ந்து யாரோ இழுத்தாங்க. அதுக்கு அடியில, "மீதிக் கதை இரண்டாம் புத்தகத்தில்."

கொத்தனார்: அடப்பாவிங்களா. பள்ளிக்கூடப் புத்தகத்துலயுமா தொடரும் போடுவாங்க?

டிரைவர்: முதல் பாதி அவளுக்கு மனப்பாடம். கணக்குலயும் முதல் பாதி, வரலாறுலயும் முதல் பாதி. ஒரு ராஜா பட்டத்துக்கு வந்தது தெரியும், செத்தாரா இல்லையான்னு தெரியாது.

கொத்தனார்: கூடப் படிச்ச பிள்ளைங்களைக் கேட்டிருக்கலாமே, யாரு இழுத்தான்னு.

டிரைவர்: கேட்டா. ஒருத்தி பூதம்னா. ஒருத்தன் மீனுன்னான். இன்னொருத்தன், அந்தப் பாடம் பரீட்சைக்கு வரலை, மறந்துட்டேன்னான். படிச்சதுங்களுக்கு மறந்துபோச்சு, படிக்காதவளுக்குத்தான் மறக்க மாட்டேங்குது.

கொத்தனார்: நீ என்ன நினைக்கிறே?

டிரைவர்: எதைப் பத்தி?

கொத்தனார்: யாரு இழுத்திருப்பா?

டிரைவர்: திருடன்தான். உள்ள ஒளிஞ்சிருந்திருப்பான்.

கொத்தனார்: அடி இல்லாத கிணத்துல எங்கேடா நிப்பான்?

டிரைவர்: ...அதுவும் சரிதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?

கொத்தனார்: நான் எதுக்கு நினைக்கணும்... எனக்கு ஆயிரம் வேலை.

டிரைவர்: என்ன மணி மேஸ்திரி அது?

கொத்தனார்: அதுவா, பின்னாடி தெருப் பள்ளிக்கூடம். அந்த மணி அடிச்சாத்தான் இங்க எங்களுக்கும் டீ.

டிரைவர்: இங்க பள்ளிக்கூடம் இருக்கா?

கொத்தனார்: ரொம்ப நாளாவே இருக்கு. வெளியூர்ப் பிள்ளைங்க தங்கிப் படிக்க விடுதிகூட உண்டு. நீ இருட்டோட வந்து கொட்டிட்டு ஓடிடறவன், உனக்கு எப்படித் தெரியும்? ஆமா, இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? தலை வாரியிருக்கே. லாரி கண்ணாடியெல்லாம் வேற துடைச்சிருக்கே. பொண்ணு பார்க்கப் போறியா?

டிரைவர்: மேஸ்திரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது.

கொத்தனார்: கேளு, கோவத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

டிரைவர்: இந்தக் கட்டடத்தைப் பள்ளிக்கூடம்னு சொல்ல முடியுமா?

கொத்தனார்: ...எந்தக் கட்டடத்தை?

டிரைவர்: இதைத்தான். நீங்க கட்டறதை.

கொத்தனார்: தம்பி, நான் கட்டறது பெட்ரோல் பங்க்குக்குக் கக்கூஸ்.

டிரைவர்: தெரியும்.

கொத்தனார்: தெரிஞ்சுமா கேக்கறே?

டிரைவர்: நான் ஒரு பொய் சொல்லித் தொலைச்சிட்டேன். லோடு ஏத்தும்போது அந்தப் பொண்ணு வந்து, இந்தக் கல்லெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டா. கக்கூஸுக்குன்னு சொல்ல வாய் வரலை. வெயில்ல நின்னு திருப்பிட்டு இருக்கா, அவகிட்டப் போய்... ஒரு பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லிட்டேன்.

கொத்தனார்: ஓ... அதான் எழுத ஆரம்பிச்சாளா?

டிரைவர்: பள்ளிக்கூடம் கட்டற எடத்துல யாராவது வாத்தியார் கல்லைத் திருப்பிப் பார்ப்பார், பதில் சொல்வாருன்னு. ஒவ்வொரு நடைக்கும் கேப்பா, சார் படிச்சாரா, சார் படிச்சாரான்னு. படிச்சிட்டாரு, யோசிச்சிட்டு இருக்காருன்னு ஓட்டிட்டு இருந்தேன். பதில் வராது, தானா விட்டுடுவான்னு பார்த்தேன்.

கொத்தனார்: விட்டுட்டாளா?

டிரைவர்: பதில் வந்துடுச்சு மேஸ்திரி.

கொத்தனார்: ...வந்துச்சா? எப்படி?

டிரைவர்: சூளைக்கு விறகுன்னு உடைஞ்ச சென்ட்ரிங் பலகை ஏத்தி அனுப்பினீங்கள்ல. அதுல ஒரு துண்டுல பென்சில் எழுத்து.

கொத்தனார்: அப்படியா. ஆச்சரியமா இருக்கே.

டிரைவர்: எனக்கும்தான். உங்க காதுல சொருகியிருக்கே, அந்த மாதிரி தட்டைப் பென்சில்னு அவ சொன்னா.

கொத்தனார்: ஆசாரிகூட இதே பென்சில்தான் வச்சிருப்பான்.

டிரைவர்: "கயிற்றை இழுத்தது ஆமை. நன்றாகப் படிக்கவும். இப்படிக்கு, தலைமை ஆசிரியர்." ஆசாரி தன்னைத் தலைமை ஆசிரியர்னு போட்டுக்குவானா மேஸ்திரி?

கொத்தனார்: ...சரி, நான்தான். என்னடா பண்றது? கல்லு மேல கல்லா கேள்வி வருது. பதிலே போகலைன்னா பாவமா இருக்காதா? கொத்தனார்னு போட்டா ஒரு பிள்ளை நம்புமா? சும்மா ஒரு மரியாதைக்கு அப்படிப் போட்டேன்.

டிரைவர்: ஆமைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

கொத்தனார்: கிணத்துல வேற என்ன இருக்கும்? மனசுல பட்டதை எழுதினேன். அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டுச்சா?

டிரைவர்: சந்தோஷமா... சூளைக்கே படிச்சுக் காட்டினா. எல்லாரும் வேலையை விட்டுட்டு வந்து நின்னு கேட்டாங்க. அதுல கடைசி வரிதான் எல்லாரையும் கவுத்துடுச்சு.

கொத்தனார்: தலைமை ஆசிரியரா?

டிரைவர்: அதுக்கு மேல வரி. "இந்தப் பெண்ணை உடனே அனுப்பி வையுங்கள். இரண்டாம் புத்தகம் இங்கே இருக்கிறது. தங்கிப் படிக்க இடமும் உண்டு."

கொத்தனார்: இரு இரு. நான் அப்படி எழுதலையே.

டிரைவர்: விளையாடாதீங்க மேஸ்திரி.

கொத்தனார்: என் பிள்ளைங்க மேல ஆணையா எழுதலை. பலகையே சாண் அகலம்தான். ஆமைக்கே எடம் பத்தாம எழுத்தை நெருக்கி எழுதினேன். நீ கண்ணால பார்த்தியா?

டிரைவர்: இல்ல, நான் ஏத்திட்டு இருந்தேன். அவ சத்தமா படிச்சதைக் கேட்டேன். படிச்சு முடிச்சதும் அவளே அதைச் சூளையில போட்டுட்டா. ஏன் புள்ள போட்டேன்னு கேட்டதுக்கு, விறகு விறகுதானே மாமான்னா.

கொத்தனார்: மாமாவா?

டிரைவர்: ...எங்கக்கா பொண்ணு மேஸ்திரி.

கொத்தனார்: அதானே பார்த்தேன். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு யாரு இப்படிக் கல்லு பொறுக்கி மேல அடுக்குவா? சரி, உங்க அத்தான் என்ன சொன்னாரு?

டிரைவர்: அவரு ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தாரு. ரெண்டு தடவை ஒரே வகுப்புல உக்காந்தாச்சு, மூணாவது தடவையும் அதே பாடத்தைப் படிக்கிறதுக்கு ஒழுங்கா அச்சு போடக் கத்துக்கட்டும், பள்ளிக்கூடம் போதும்னு. அக்கா அழுதா, நான் சண்டை போட்டேன், அசையலை. இப்ப இது வந்ததும் ஆளே மாறிட்டாரு. ஒரு தலைமை ஆசிரியரே சொல்லி அனுப்பியிருக்காரு, அதுவும் ஊர் முன்னாடி, எப்படி முடியாதுன்னு சொல்றதுன்னு அன்னைக்கெல்லாம் நெஞ்சை நிமித்திட்டே நடந்தாரு.

கொத்தனார்: அப்புறம்?

டிரைவர்: இந்தக் கட்டடத்துக்கு இதுதானே கடைசி லோடு...

கொத்தனார்: அப்புறம் என்னடா, வாயைத் திற.

டிரைவர்: கூட்டிட்டு வந்துட்டேன். லாரியில முன் சீட்டுல உக்காந்திருக்கா. பெட்டியோட. அவளை வச்சிட்டு இந்தப் பேச்சு வேண்டாம்னுதான் கல்லைத் திரும்பக் கேட்டேன். வர்ற வழியெல்லாம் சொல்லிடலாம், சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். அவ மடியில பெட்டியைப் பிடிச்சிட்டு ஜன்னல் வழியா ஒவ்வொரு பலகையா படிச்சிட்டே வர்றா. எப்படிச் சொல்றது?

கொத்தனார்: நீ பள்ளிக்கூடம்னு சொன்னே, நான் தலைமை ஆசிரியர்னு போட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு பிள்ளையை நட்டாத்துல கொண்டுவந்து நிறுத்திட்டோம்.

டிரைவர்: அதான் கேக்கறேன், இதையே பள்ளிக்கூடம்னு... வரிசையா அறை இருக்குல்ல. இன்னும் கட்டி முடியலை, முடிஞ்சதும் கூப்பிடறோம்னு சொல்லிட்டா?

கொத்தனார்: ஒவ்வொரு வகுப்புக்கும் எதுக்குக் குழாய்னு கேட்டா? அதுவும் அவ கேக்காம விடற ஆளா? அடி இல்லாத கிணத்துல தண்ணி எப்படி நிக்கும்னு கேட்டவ.

டிரைவர்: அப்ப திரும்பக் கூட்டிட்டுப் போயிடறேன். பள்ளிக்கூடம் லீவுன்னு அத்தான்கிட்ட...

கொத்தனார்: அதோட கதை முடிஞ்சுது. ஒரு தடவை பெட்டியோட திரும்பினா, உங்க அத்தான் இன்னொரு தடவை அனுப்ப மாட்டாரு. எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?

டிரைவர்: தெரியாமலா உங்ககிட்ட வந்து நிக்கிறேன்? பின்னாடி தெருவுல ஒண்ணு இருக்குன்னீங்களே, அங்க கேட்டா என்ன?

கொத்தனார்: அந்த கேட்டுக்குள்ள நான் வெள்ளை அடிக்கத்தான் போயிருக்கேன். பாதி வருஷத்துல பெட்டியோட ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினா, யாரு அனுப்பினா, எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? செங்கல்லுல எழுதுச்சு, பலகையில பதில் போட்டேன்னா?

டிரைவர்: சிரிப்பாங்க.

கொத்தனார்: சிரிச்சா பரவாயில்ல. துரத்திட்டா? நம்ம சட்டையைப் பாரு. ஆமா... லாரியை எங்க நிறுத்தியிருக்கே?

டிரைவர்: இதோ, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான்.

கொத்தனார்: செவுத்துல ஜன்னல் வைக்க ஓட்டை விட்டிருக்கேன், பார்த்தியா?

டிரைவர்: ...பார்த்தேன்.

கொத்தனார்: லாரிக் கண்ணாடி ஏத்தியிருக்கா, இறக்கியிருக்கா?

டிரைவர்: ...புழுக்கமா இருக்குன்னு இறக்கி விட்டுட்டு வந்தேன்.

கொத்தனார்: பாப்பா... அம்மா, பாப்பா. எவ்வளவு நேரமா கேட்டுட்டு இருக்கே?

சிறுமி: கோழியிலேர்ந்து.

டிரைவர்: புள்ள, மாமா உங்கிட்ட...

சிறுமி: நீங்கதானா பெரியப்பா தலைமை ஆசிரியர்?

கொத்தனார்: ...ஆமா தாயி. தப்புதான்.

சிறுமி: ஆமைக்கு ஏது கை? எப்படி இழுக்கும்?

கொத்தனார்: வாயால கவ்வி... இல்ல தாயி, எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதினேன்.

டிரைவர்: இது பள்ளிக்கூடம் இல்ல புள்ள. மாமா சொன்னது பொய். ஆனா யாரு அந்தக் கடைசி வரியை எழுதினான்னுதான்...

சிறுமி: யாரும் எழுதலை மாமா. எந்தத் தலைமை ஆசிரியர் சிமென்ட் ஒட்டின பலகையில எழுதுவாரு? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது, சூளையில யாருக்கும் தெரியாது, அதான் ஆமையோட நிறுத்தாம அந்த வரியை நானா சேர்த்துப் படிச்சேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பள்ளிக்கூட கேட்டுல நானே பேசிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் சும்மா கூட வந்து நின்னா போதும். பெட்டியை இறக்கிக் கொடுங்க... அந்த மணி எந்தப் பக்கம் அடிச்சுது?